ஒன்றிலிருந்து அளக்கிற வீடு

எங்கள் அப்பா ஆறுமுகநயினார் லேத் டர்னர், மெஷினில் இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பம்பாயின் தாராவித் தமிழர்களில் தோல் ஷெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு, மில்லுக்குப் போகிறவர்கள் உண்டு, ரயில்வேயில் கரி அள்ளுகிறவர்கள் உண்டு. டர்னர் என்றால் தனி மதிப்பு. அம்மா பேராச்சி குழாயடி வரிசையில் நிற்கும்போது அந்த மதிப்பையும் குடத்தோடு இடுக்கிக்கொண்டுதான் நிற்பாள். மூத்தவன் பூலோகம். அவனுக்கு ஆறு வருஷம் கழித்து நான், முப்பிடாதி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அப்பா பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்தவர். பரேலில் ஒரு மில்லின் ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சீவல் கூட்டும் வேலை கிடைத்தது. கூட்டுகிறவன் லேத்தைத் தொடக் கூடாது என்று சட்டம். அவர் தொடவில்லை, கூட்டின சீவலைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். சீவல் நீளமாகச் சுருண்டு விழுந்தால் உளி சரியாகத் தீட்டியிருக்கிறது. நீலம் பாரித்துக் கருகியிருந்தால் ஆள் அவசரப்படுகிறான். கிழிந்து கிழிந்து வந்தால் உளி மழுங்கிவிட்டது. குப்பையைப் பார்த்து வேலை கற்ற மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பெருமை எங்கள் வீட்டில் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வரும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் சயான் பக்கம் ஒரு சேட்டின் பட்டறையில், பம்பாய்ப் பேச்சில் கார்கானாவில், இரண்டாம் நம்பர் லேத்தில் நின்றார். கோலி என்கிற எங்கள் ஒற்றை அறை வீட்டிலிருந்து கால்மணி நேர நடை. அந்தக் கார்கானாவில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல பேரோடு ஒரு டர்னர் லேத்தை விட்டு இறங்கினால் அந்த லேத் அவர் மகனுக்கு. வேலையைக் கெடுத்துவிட்டு இறங்கினால் மகனும் கூடவே இறங்க வேண்டியதுதான். பூலோகம் அங்கேயே துளை போடும் மெஷினில் இருந்தான். அப்பாவின் லேத் ஒருநாள் தனக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்பாவிடம் ஓர் அடி நீள எஃகு ஸ்கேல் இருந்தது. மில் காலத்தது. திருகு முடுக்கவும் பிசுக்குச் சுரண்டவும் அதன் முனையையே பயன்படுத்தி, தொடக்கம் தேய்ந்து மழுங்கிவிட்டது. அங்கேயிருந்து அளந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் அப்பா ஒன்று என்ற கோட்டிலிருந்து அளப்பார், கடைசியில் ஒன்றைக் கழித்துக்கொள்வார். மூன்று இஞ்சு வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து நாலு வரை. வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. அம்மா ரவிக்கைத் துணி அளந்தாலும் ஒன்றிலிருந்துதான். பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றிலிருந்து கோடு போட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஸ்கேலை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவை மாற்றலாம் என்று யாருக்காவது தோன்றுமா?

அளவுகளுக்கு அவர் சொல்லும் பெயர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டில் வந்தவை. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு அரைக்கால், பதினாறில் ஒரு பங்கு வீசம், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அரைவீசம். சூப்பர்வைசர் மகாதேவன் சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதை அப்பா அந்தக் கணமே வீசமாக மாற்றிக்கொள்வார். மகாதேவன் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம், மடிப்புக் கலையாத சட்டை. "உம்ம வீசத்துல இது எவ்வளவு, ஓய்?" என்று அவரே வந்து கேட்பாராம். இந்தக் கதையும் சோற்றோடு வரும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் ஒரு காலை அப்பா என்னைக் கூப்பிட்டு ஸ்கேலை நீட்டினார்.

"ஏட்டி, என் நகம் இருக்க எடம் எத்தனாவது கோடுன்னு பாரு."

"ஏம்ப்பா, உங்களுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சா உன்ன எதுக்குட்டி கேக்கேன்."

பைகுல்லாவில் ஒரு கண் டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போய்வந்திருக்கிறார். கண்ணுக்குள்ளே நரம்பு வாடுகிறது, கண்ணாடி போட்டும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆள் தெரியும், பாதை தெரியும், லேத்தில் சுற்றுகிற இரும்பு தெரியும். ஸ்கேலின் கோடுகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூசினது போல் இருக்குமாம்.

"உங்க அம்மைட்ட மூச்சு விடாத. பூலோகத்துட்ட விடவே விடாத, அவன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். இன்னும் ரெண்டு வருசம், அவன் கை படியுத மட்டும் நான் அங்கன நிக்கணும்," என்றார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொட்டப்பிள்ளைக்கு அஞ்சு வகுப்பு போதும் என்று நிறுத்தினவரும் இதே அப்பாதான்.

டர்னர் வேலையில் கண்ணைவிட விரலுக்குத்தான் வேலை அதிகம். இது வெளியே பலருக்குத் தெரியாது. காலிப்பர் என்று ஒரு கருவி, நண்டுக் கால் போல வளைந்த இரண்டு கால்கள். அதை ஸ்கேலில் வைத்து வேண்டிய அளவுக்கு விரித்து, கடைந்துகொண்டிருக்கும் இரும்பின்மேல் செருகிப் பார்க்க வேண்டும். உரசிக்கொண்டு இறங்குகிற அந்த உணர்ச்சியிலேயே அப்பாவின் விரல் தலைமுடி கனத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஸ்கேலில் வைத்து விரிப்பதற்கு மட்டும்தான் கண் வேண்டும். அந்தக் கண்ணாக நான் ஆனேன்.

நீள அளவுகளுக்கு வேறு வழி செய்தோம். விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்காக உருவி, ஸ்கேலில் வைத்து அளந்து, வேண்டிய இடத்தில் கத்தியால் சின்ன வெட்டுப் போட்டுக் கொடுப்பேன். அவர் ஈர்க்கை இரும்போடு சேர்த்துப் பிடித்து, வெட்டை நகத்தால் தடவி இடம் கண்டுகொள்வார். விளக்குமாறு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. அம்மா எலிமேல் பழி போட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவது என் வேலை. பூலோகம் கூட்டாளிகளோடு எதிர்த்த டீக்கடை நிழலுக்குப் போய்விடுவான். கார்கானாவின் பின்சுவர் ஓரம் பழைய பாய்லர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் மறைவில் அப்பா உட்கார்ந்து சாப்பிடுவார், இடது கையால் ஜாப் சீட்டை என் பக்கம் தள்ளுவார். நான் அதிலுள்ள எண்களைப் படித்துப் பார்த்து, மடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு காலிப்பர்களை விரித்து, ஒவ்வொன்றையும் கந்தல் துணியில் சுற்றி வரிசையாக வைப்பேன்.

"ரெண்டே அரைக்கால், வச்சாச்சு."

"கோட்டத் தொட்டுக்கிட்டா, உள்ள தள்ளியா?"

"தொட்டுக்கிட்டு."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. லேத்துகள் எல்லாம் ஓய்ந்திருக்கும். தூரத்தில் சயான் ஸ்டேஷனுக்கு ரயில் வரும் சத்தம் கேட்கும். புளிக்குழம்பு வாசனை, கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன, அந்த அரைமணி நேரத்துக்கு எதுவும் ஈடில்லை. எனக்குத் திமிரும் கொஞ்சம் ஏறிவிட்டது. சீட்டில் மகாதேவன் எப்போதாவது கூட்டலில் தவறினால், "உங்க சாருக்குக் கணக்கு வரல," என்பேன். அப்பாவுக்குச் சிரித்துப் புரையேறும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

நாற்பத்து நாலு ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. தாராவியில் எங்கள் கூரைத் தகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு கார்கானாவுக்கு ரிப்பேர் வேலை மாதக்கணக்கில் வந்து குவிந்தது. ஜூலையில், மழைத் தண்ணீர் இறைக்கிற பெரிய பம்பு ஒன்றுக்குப் புது ஷாஃப்ட், உள்ளே சுழலும் தண்டு, கடைய வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் நல்ல எஃகு கண்ணில் படாது. அந்த ஒரு துண்டைப் பிடிக்க மகாதேவன் பத்து நாள் அலைந்தார் என்று அப்பா சொன்னார். அதை அவர் அப்பாவின் லேத்துக்குத்தான் கொடுத்தார்.

அதே வாரம் பூலோகம் ஒரு நல்ல காரியம் செய்தான். நாக்தேவி தெருவில் புது ஸ்கேல் ஒன்று வாங்கிவந்து அப்பாவின் பையில் வைத்தான், பழையதை எடுத்துப் பரணில் போட்டான். அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. புது ஸ்கேலை ஒரு டர்னர் ஏன் மறுக்கிறார் என்று மகன் கேட்பான் அல்லவா? "நல்லாருக்குலே," என்று தடவிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. பாய்லரோடு ஒட்டிக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டபடி உட்கார்ந்தேன். புது ஸ்கேல் பளபளவென்று இருந்தது. முனை சதுரமாக, ஒரு தேய்மானமும் இல்லாமல் இருந்தது. ஆசையோடு ஈர்க்கின் நுனியை அந்த முனையோடு சேர்த்து வைத்தேன். வேண்டியது ஆறே முக்கால். முனையிலிருந்து அளக்கிறேன் என்று கைக்குத் தெரிந்தது, வாய் பழைய பழக்கத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டது. கத்தி ஏழே முக்காலில் வெட்டியது.

"ஆறே முக்கால், வச்சாச்சு," என்றேன்.

அந்த ஷாஃப்டில் ஒரு முனையிலிருந்து ஆறே முக்கால் இஞ்சு வரைக்கும்தான் மெலிதாகக் கடைய வேண்டும். அதற்கு அப்பால் பேரிங் உட்காரும் இடம், அது தடிப்பாகவே இருக்க வேண்டும். அப்பா ஏழே முக்கால் வரைக்கும் கடைந்துவிட்டார். குறைவாகக் கடைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீவலாம். சீவினதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அடுத்த நாள் நான் டப்பாவோடு போனபோது சாப்பாட்டுச் சங்கு ஊதவில்லை, ஆனாலும் லேத்துகள் நின்றிருந்தன. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் ஷாஃப்ட் கிடந்தது. சுற்றி ஆட்கள். மகாதேவனின் குரல் எப்போதும்போல் தணிந்துதான் இருந்தது.

"நாலு தரம் அளந்து பாத்துட்டேன், ஓய் நயினார். சரியா ஒரு இஞ்ச் கூட. அரைவீசத்துக்கு என்னோட சண்டை போடறவர் நீர். என்ன ஆச்சு உமக்கு?"

'சரியாக ஒரு இஞ்சு' என்று காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மற்ற டர்னர்கள் வீசம் தப்புவார்கள், அரைக்கால் தப்புவார்கள். பிசகாமல் ஒரு முழு இஞ்சு தப்புகிற ஆட்கள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பூலோகத்துக்கும் அது விளங்கிவிட்டது. ஸ்கேலை மாற்றினவன் அவன் அல்லவா. அப்பா மறதியில் ஒன்றைக் கூட்டிவிட்டார், தான் இழுத்துவிட்ட வினை என்று நினைத்துக்கொண்டான். கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

"சார், அது நான் கடஞ்சது. அப்பா தண்ணி குடிக்கப் போயிருந்தாக. நான் ஒரு ஆசையில கைய வச்சிட்டேன்."

"உன்னை யாருடா லேத்தைத் தொடச் சொன்னா?"

"தப்புதான் சார்."

மகாதேவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேட்டுக்கு நான் பதில் சொல்லணும். நீ நாளைலேர்ந்து வரவேண்டாம்."

அப்பா வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் லேத் போகும், சொல்லாவிட்டால் மகன் போவான். எதற்கும் மனசு வராமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ. ஒரு நிமிஷம் பொறுக்கிற குணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதை எழுதும்போதுகூட அந்த மௌனத்தின்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். பெண்கள் கால் வைக்காத இடம் அது.

"அண்ணன் இல்ல சார். நான்தான் அளந்து குடுத்தேன். புது ஸ்கேல்ல ஒண்ணக் கூட்டிட்டேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகாதேவன் சிரிக்கவில்லை.

"நீ எதுக்கு அளக்கணும், குழந்தே?" என்றார்.

இதற்குப் பதில் சொன்னால் அப்பாவின் வேலை அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"அப்பாவுக்குக் கோடு தெரியாது. ஒரு வருசமா நான்தான் வச்சுக் குடுக்கேன்."

மகாதேவன் மேஜையிலிருந்து ஒரு காலிப்பரையும் ஸ்கேலையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒண்ணும், முப்பத்திரண்டுல பதினொண்ணும்," என்றார். ஒண்ணேகால், ஒரு வீசம், ஒரு அரைவீசம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு விரித்துக் கொடுத்தேன். அவர் வாங்கி அளந்து பார்த்தார். திருப்பி ஒருமுறை அளந்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"அவ சொல்லுதது நெசந்தான் சார்," என்றார் அப்பா.

லேத்தின்மேல் கிடந்த சீவலை வழித்துத் தள்ளினார். எண்ணெய்த் துணியால் லேத்தின் அடித்தட்டைத் துடைத்தார். வேலை முடித்துக் கிளம்பும்போது தினமும் செய்கிற காரியம்தான், மத்தியானத்தில் செய்தார். பிறகு என் தோளில் கை வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகை வசவாக மாறியது. "கண்ணு கெட்ட பெறவு சூரிய நமஸ்காரமா? அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா என் தாலிய வித்தாவது வைத்தியம் பாத்திருக்க மாட்டனா?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். மகாதேவன் சேட்டிடம் எங்களுக்காகப் பேசினார். கண் போனது வேலையைக் கெடுத்ததாகாது, ஆனைக்கும் அடி சறுக்கும், இது நயினாருக்கு இருபது வருஷத்தில் ஒரு சறுக்கல் என்று சொன்னாராம். மறுபடி அலைந்து ஒரு துண்டு எஃகு பிடித்து வந்து, அதைப் பூலோகத்திடம் கொடுத்தார். அவன் அதைக் கடைந்து பொருத்திக் காட்டிவிட்டால் இரண்டாம் நம்பர் லேத் அவனுக்கு. பூலோகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கடைந்தான். ஷாஃப்ட் பேரிங்குக்குள் உரசிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது. மகாதேவனின் அந்த உபகாரத்தை எங்கள் குடும்பம் மறந்ததில்லை.

சாலில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நயினாருக்கு வேலை போயிற்று, மகனுக்கு லேத் வந்தது. இரண்டும் நிஜம். எனக்கும் வேலை போயிற்று என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை வேலை என்று யாரும் பேர் வைத்துக் கூப்பிட்டதில்லையே, போயிற்று என்று எப்படிச் சொல்வது? மத்தியானம் இப்போது பூலோகத்துக்கு டப்பா கொண்டுபோனேன். அவன் சாப்பிட்டுவிட்டு, தானே சீட்டைப் படித்து, தன் கண்ணால் பார்த்துத் தன் காலிப்பரை விரித்துக்கொள்வான். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அழுகை வரும். அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பாதி எனக்காகவும் அழுதேன்.

அப்பா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, அவர் பெற்ற பெண்தானே. பன்னிரண்டாம் நாள் காலை அவராகக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வந்து உக்காரு."

உட்கார்ந்தேன்.

"அந்த ஈர்க்கப் பிடிக்கையிலயே வெரலு சொல்லிச்சு, நீளம் கூடுதலா இருக்குன்னு."

"பெறகு ஏன் கடஞ்சீங்க?"

"நீ வச்சது. அதான் கடஞ்சேன்."

அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்ணன் பழிய ஏத்துக்கிட்டப்ப நீங்க ஏம்ப்பா பேசல?"

"பயந்துட்டேன்ட்டி," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பூலோகம் வந்ததும் அப்பா அவனை அழைத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்தேன். பூலோகம் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கையால் ஜாப் சீட்டை என் பக்கம் தள்ளினான். பையிலிருந்து மூன்று காலிப்பர்களை எடுத்து என் மடியில் போட்டான்.

"உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே அண்ணே," என்றேன்.

"தெரியுது."

"பெறகு எதுக்கு?"

அவன் என்னைப் பார்க்காமல் அப்பளத்தை ஒடித்தான். "அப்பா நேத்து பாகம் பிரிச்சிட்டாக. லேத்து எனக்காம். அளவு உனக்காம்."

சீட்டை எடுத்தேன். கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. "கொஞ்சம் இரு அண்ணே," என்று தாவணி நுனியால் துடைத்துக்கொண்டு முதல் அளவைப் படித்தேன். நாற்பத்தொன்பதில் கல்யாணமாகி அம்பர்நாத்துக்குப் போகும்வரை அந்தச் சொத்தை நான் ஆண்டு அனுபவித்தேன்.